பதினேழாம் நிமிஷத்தில் சங்கு

கணபதியில், சத்தி ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடி.
வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலை கடைசி ஞாயிறு,
ஐந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறோம்,
செத்துப்போன ஒருத்தி வாசிப்பதைக் கேட்க.

லிடியா சத்தியநேசன். பியானோ.
மில் கணக்கப்பிள்ளையின் மகள்.
எங்களில் டயர் கடை ராயப்பன் மட்டும்தான் அவரை நேரில் கண்டவர்,
அதுவும் ரேஷன் கடை வரிசையில்.
"சர்க்கரை தீந்துருச்சுங்களா" என்று கேட்டாராம்.
அந்த ஒரு வாக்கியத்தை
இன்றைக்கும் மெத்தைக்கடியில் பணம்போல் வைத்திருக்கிறார் ராயப்பன்.

மிச்சம் இருப்பது ஒரு கேசட்.
எழுபத்தொன்பது, மில் கிளப், சித்திரை மாதத்து மத்தியானம்.
யாரோ இருமுகிறார். மின்விசிறி தட்டுகிறது.
பதினேழாம் நிமிஷத்தில், மெதுவான பகுதியில்,
வலக்கை மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது
இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு.

வேறு யாராயிருந்தாலும் அதன்மேலேயே வாசித்திருப்பார்கள்,
இல்லை கோபித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள்.
அவர் கையை எடுக்கிறார்.
மைக்குக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு குரல்:
"சித்தெ இருங்க."

அந்த இரண்டு சொல்லுக்காகத்தான்
பல் டாக்டர் செந்தூர்வேலன்
கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து வருகிறார்.
உக்கடத்து ஹசீனா, கணக்கு டீச்சர்,
மாமியாரைச் சேர்த்த இரவில்
ஐ.சி.யூ. வாசலில் ஒரு காதில் மாட்டியிருந்தது இதைத்தான்.
வாசிப்பை அல்ல, நிறுத்தத்தை.
விடியும்வரை அந்த இருபது விநாடி.

அப்புறம் சண்டை.
சங்கு ஓய்ந்ததும் அவர் எடுக்கிற முதல் சுரம் தப்பு.
அச்சிட்ட தாளில் அது இல்லை,
தாளில் இருப்பது இரண்டு கட்டை மேலே.
வயசு, வேர்வை, கை வழுக்கிருச்சு என்பார் டாக்டர்.
ஞாபகப் பிசகு என்பார் திருப்பூர் சாயப்பட்டறைக் கணக்கர் குழந்தைவேலு.
ஒன்பது வருஷமாக இதே சண்டை, இதே முறுக்கு.

எனக்குப் பியானோ தெரியாது.
தொட்டதே இரண்டு தடவை.
நான் பீளமேட்டில் பம்புசெட் மோட்டார் சோதிக்கிறவள்,
ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து.
திருப்புளி நுனியை மோட்டார் கூட்டில் ஊன்றி
பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தினால்
பேரிங் தன் கதையைச் சொல்லிவிடும்.
அணைத்த பிறகும் கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை.
சத்தம் வழுக்கிக்கொண்டே இறங்கும்,
எங்கே விடுகிறதோ அங்கே இருக்கும் விஷயம்.

இந்த வருஷம் சாரல். ரோடு அடங்கிக் கிடந்தது.
அதனாலோ என்னவோ
சங்கை நான் சங்காகக் கேட்கவில்லை,
அணைத்த மோட்டாராகக் கேட்டேன்.
வழுக்குகிறது.
இறங்குகிறது.
கிளப் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ தரை தட்டுகிறது.
அங்கே,
சரியாக அங்கே,
அவருடைய இடக்கைச் சுண்டுவிரல்.

"இன்னொருக்கா போடுங்க."
போட்டார்கள். ஆறு தடவை.
ஹசீனா செல்போனில் எதையோ அளந்தாள், பேசவில்லை.
குழந்தைவேலு முறுக்கைக் கடிக்காமல் பிடித்திருந்தார்.

சங்கு விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.
சாப்பாட்டுத் தூக்கோடு கேட் நுழைகிறவர்களின் சத்தத்தை
உள்ளே அழைத்து, ஒரு நாற்காலி போட்டு,
நாலே சுரத்தில் தாளுக்குத் திரும்பிவிட்டார்,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

டாக்டர் ஒப்பவில்லை.
"தற்செயலுங்க. நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு
அந்தம்மாளுக்கு நீங்க வக்காலத்து வாங்காதீங்க."
இருக்கலாம்.
மில் நின்ற இடத்தில் பதினாலு மாடி, நீச்சல் குளம்.
சங்கை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.
கேட்டுச் சொல்ல ஆளில்லை.
ராயப்பன் மட்டும் மெல்ல, தனக்குத்தானே,
"சர்க்கரை தீந்துருச்சுங்களா" என்றார்,
அதிலும் ஏதாவது ஒளிந்திருக்குமோ என்பதுபோல.

திங்கட்கிழமை. முதல் ஷிப்ட். ஏழாவது மோட்டார்.
அணைத்தேன். இறங்கிக்கொண்டிருந்தது.
சூப்பர்வைசர் அடுத்ததை உருட்டி வந்துவிட்டார்.
"பேரிங்கா?"
"இல்லைங்க.
சித்தெ இருங்க."